தீவுக்குப் போகாத ஃபிரிட்ஜுகள்

என் மேனேஜரைக் கவிழ்க்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடமும் தினம் காலையில் சிரித்த முகத்தோடு அவனுக்குக் குட் மார்னிங் சொன்னேன். அவனுக்குச் சளி பிடித்தால் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். இதையெல்லாம் எழுதலாமா உம்மா என்று என் மகள் கேட்கிறாள். நல்லவளாக நடந்துகொண்ட நாட்களைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

துபாயில், ஜெபல் அலியில் ஒரு சப்ளை கம்பெனியில் வேலை. வளைகுடா அரசாங்கங்கள் சின்னத் தீவு நாடுகளுக்கு உதவி என்று அனுப்புகிற சாமான்களை வாங்கி, பெட்டி கட்டி, கப்பலேற்றுவது எங்கள் தொழில். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், பள்ளிக்கூட பெஞ்சு, ஆஸ்பத்திரிக் கட்டில். உலகப் படத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற நாடுகளுக்கு இவையெல்லாம் போகும். ஒவ்வொரு பெட்டியிலும் கொடி போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவோம், இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று. உள்ளே இருக்கும் சாமானைவிட அந்த ஸ்டிக்கர் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதிகம் பேர் வருவார்கள்.

நான் டாகுமென்ட் பிரிவில் இருந்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எத்தனை கிலோ, எந்த ஊரில் செய்தது, யாருக்குப் போகிறது, எல்லாம் என் கையால் டைப் ஆகித்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. சத்வாவில் ஒரு தையல்கடைக்கு மேல் ஒரே ஒரு அறை, அதில் நாங்களும் மகளும். காலையில் ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பஸ்ஸில் அவர் தூங்கித் தூங்கி என் தோளில் விழுவார். நான் திட்டுவேன்.

மேனேஜர் தமிழ் ஆள்தான், கோயம்புத்தூர்ப் பக்கம். நம்ம ஆள் என்று நாங்கள் மகிழ்ந்த காலமும் உண்டு. மூன்று ரமலானுக்கு எங்கள் அறையில் தரையில் உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறான், இரண்டாம் முறை வாங்கியும் குடித்திருக்கிறான். நீங்க இல்லைன்னா இந்த வேர்ஹவுஸே இல்லை பாய் என்று என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டுவான். அவரும் அப்படியே குளிர்ந்துவிடுவார். முதுகில் தட்டினால் போதும் அவருக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஸ்டோர் ஆட்கள் போய்விட்டால் லாரிகள் வாசலில் நிற்கும். டிரைவர்கள் ஹாரன் அடித்துத் தொலைப்பார்கள். அதனால் என் வீட்டுக்காரர் தொழப் போவதற்கு முன் சாமானை வெளியே விடும் கேட் பாஸ் புத்தகத்தில் ஐந்தாறு வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். மேனேஜர்தான் சொன்னான், போட்டு வைங்க பாய், எதுக்கு வண்டி நிக்கணும் என்று. அந்தக் கம்பெனியில் எல்லோருமே அப்படித்தான். வெறும் தாளில் கையெழுத்துப் போடுவது அங்கே நம்பிக்கைக்கு அடையாளம். போட மாட்டேன் என்றால் என்மேல் சந்தேகமா என்று கேட்பார்கள்.

அப்படிப் போட்டு வைத்த ஒரு தாளில் நான்கு ஜெனரேட்டர்கள் வெளியே போய்விட்டன. ஏதோ ஒரு தீவின் பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டியவை. எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. கேட் பாஸில் இருந்தது என் வீட்டுக்காரரின் கையெழுத்து. வெறும் தாளில் போட்டு வைத்தேன் சார் என்று அவர் சொன்னார். முதலாளி முன்னாலேயே மேனேஜர் கேட்டான்.

"கையெழுத்து உங்களோடதுதானே பாய்?"

அவர் ஆமாம் என்றார். வேறு என்ன சொல்வார். பிறகு மேனேஜர் அவரைத் தனியாக அழைத்துப் போய்த் தோளில் கை போட்டுப் பேசினானாம். போலீஸுக்குப் போனால் உள்ளே போய்விடுவீர்கள், நான் முதலாளியிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன், விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போய்விடுங்கள், சிஸ்டர் வேலைக்கு நான் பொறுப்பு என்று. பத்து நாளில் எல்லாம் முடிந்தது. திரும்ப இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி பேரைக் கெடுத்து அனுப்பினார்கள். விமான நிலையத்தில் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா, மேனேஜருக்கு ஃபோன் போட்டு நன்றி சொன்னார். நன்றியா சொல்றீங்க என்று அங்கேயே கத்தியிருப்பேன். மகள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஃபைலில் அந்தக் கேட் பாஸின் கார்பன் நகல் என் கையில் கிடைத்தது. கையெழுத்து அவருடையது. மேலே சாமான் விவரம் எழுதியிருந்த கை வேறு. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு. அப்படி ஏழு போடுகிறவன் அந்த அலுவலகத்தில் ஒருவன்தான். எத்தனை வருடம் அவன் கிறுக்கலைப் பார்த்து நான் டைப் அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா. அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் ஓடவில்லை. ஓடினால் அடுத்த வாரம் நானும் மகளும் ஊரில் இருப்போம். அவளுக்கு அது பதினோராம் வகுப்பு. நகலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று தோழிகள் சொன்னார்கள். நான் போகவில்லை. போனால் அவனைவிட்டுத் தூரமாகிவிடுவேனே.

அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜ் ஆர்டர் வந்தது.

பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. புயலில் அடிபட்ட சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு, தடுப்பூசியும் மருந்தும் வைக்க, வெயிலில் ஓடுகிற பதினெட்டு ஃபிரிட்ஜுகள். இங்கிருந்த ஓர் அரசாங்கத்தின் உதவி. அங்கே சாமானைப் பெற்றுக்கொண்டு தீவு தீவாகப் பிரித்து அனுப்பும் பொறுப்பு ஒரு நர்ஸுக்கு. கப்பல் விவரம் கேட்டு அவள்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவாள். இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலம் மாதிரியே நொண்டும். அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவள் இருக்கும் தீவு தலைநகரத்திலிருந்து படகில் ஒரு பகலும் ஓர் இரவும். அங்கே ஒரே ஒரு ஃபிரிட்ஜ், அதுவும் சாகக் கிடக்கிறது என்று எழுதினாள். அதன் படத்தையும் அனுப்பினாள். கதவை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிற ஐந்து பேர் அந்தத் தீவில் இருக்கிறார்கள், இது நின்றால் மீன் பெட்டி ஐஸில் மருந்தை வைக்க வேண்டும், அதுவும் தீர்ந்தால் அந்த ஐந்து பேரையும் தலைநகரத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான், புது ஃபிரிட்ஜ் வந்தால்தான் அவர்கள் திரும்பி வர முடியும் என்றாள். கப்பல் எப்போது சிஸ்டர் என்று வாரத்துக்கு இரண்டு முறை கேட்பாள். நான் தேதி சொல்லுவேன். அவள் மீன், தென்னை, குழந்தைகள் என்று ஏதாவது படம் அனுப்புவாள்.

எங்கள் வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவன். என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த வேலை அது. ஒரு மத்தியானம் என் மேசைப் பக்கம் குனிந்து அவன் சொன்னான்.

"அக்கா, ரெண்டுதான் புதுசு. மத்ததெல்லாம் பழசுக்கு பெயின்ட் அடிச்சது."

போய்ப் பார்த்தேன். வேறொரு திட்டத்தில் போய்த் திரும்பி வந்த ஃபிரிட்ஜுகள். வடக்கே ராஸ் அல் கைமாவில் ஒரு ஷெட்டில் பெயின்ட் அடித்து, புது அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பின்பக்கத் தகட்டில் சீரியல் நம்பரைச் சுரண்டக்கூட மெனக்கெடவில்லை. மேனேஜர் வியாழக்கிழமை தோறும் ராஸ் அல் கைமாவுக்கு ஏன் போனான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பரிசோதனைக்கு வருகிறவர்கள் கதவுப் பக்கம் இருக்கும் ஒரு பெட்டியைத்தான் பிரிப்பார்கள், அது அவனுக்குத் தெரியும். அந்த இரண்டு புதுசும் கதவுப் பக்கம்தான் நின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அந்தப் பழைய ஃபிரிட்ஜுகள் ஓடின. எலெக்ட்ரீஷியன் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தார். நானே ஒன்றைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். விரல் மரத்துப்போகும் குளிர்.

மேனேஜருக்கும் அந்தக் கம்பெனிப் பழக்கம் உண்டு என்று சொன்னேனா? அவன் வெளியே போகும்போதெல்லாம் ஏழெட்டு லெட்டர்ஹெட் தாளில் அடியில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, என் டிராயரில் வைத்துவிட்டுப் போவான். அவசரத்துக்கு நான் மேலே டைப் அடித்து அனுப்பிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரரை அனுப்பிய பிறகும் அவன் அதை நிறுத்தவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. சுக்குக் காப்பியின் வேலை அது.

சாமான் கப்பலேற ஐந்து நாள் இருந்தது. பணம் கொடுக்கிற அரசாங்கத்தின் உதவித் துறைக்கு ஒரு சான்றிதழ் போக வேண்டும், எல்லாம் புத்தம் புதியவை, பயன்படுத்தாதவை என்று. மேனேஜர் ராஸ் அல் கைமாவிலிருந்து ஃபோனில் சொன்னான், என்னம்மா, என் தாள்லயே அடிச்சு அனுப்பிடும்மா என்று. சரி சார் என்றேன்.

அன்று காலையிலும் அந்த நர்ஸ் எழுதியிருந்தாள். படகு பேசிவிட்டேன், கப்பல் கிளம்பும் தேதியில் மாற்றம் இல்லையே என்று. இல்லை என்று நான் பதில் போட்டிருந்தேன். அப்போது பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆறு வாரம் பொறுத்திருக்கலாம். சாமான் போய்ச் சேரட்டும், அவள் ஃபிரிட்ஜில் மருந்தை வைக்கட்டும், அப்புறம் நம்பர்களை எடுத்துக்கொண்டு உதவித் துறைக்குப் போகலாம். இந்த யோசனை எனக்கு வராமல் இல்லை, வந்தது. கையெழுத்துப் போட்ட தாளைப் பிரிண்டரில் வைத்துக்கொண்டு, டீ ஆறும் வரைக்கும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் சாமான் போய்விட்டால் ஃபோட்டோ எடுப்பார்கள், மாலை போடுவார்கள், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று அங்கிருந்து கடிதம் வரும். அப்புறம் இவன் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். அவன் மாட்டுகிறபோது நான் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் கையெழுத்துக்கு மேலே உண்மையை டைப் அடித்தேன். இரண்டு புதியவை, பதினாறு பழையவை, பெயின்ட் அடித்துப் புதிதாக்கியவை. பதினெட்டுக்கும் சீரியல் நம்பர், செய்த வருடம். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். உதவித் துறைக்கு ஒன்று, தீவு நாட்டுச் சுகாதார அலுவலகத்துக்கு ஒன்று. அனுப்பிவிட்டுக் கீழே போய் ஒரு சமோசா வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன் சமோசா தின்றதில்லை.

மூன்றாம் நாள் உதவித் துறையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பதினெட்டுப் பெட்டியையும் பிரித்தார்கள். முதலாளியும் வந்துவிட்டார். மேனேஜரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார்கள். இதை நான் எழுதவில்லை என்றான். முதலாளி கேட்ட கேள்வியை என் காது குளிரக் கேட்டேன்.

"கையெழுத்து உன்னோடதுதானே?"

முதலாளி ஹிந்தியில் கேட்டார், நான் தமிழில் எழுதுகிறேன், வித்தியாசம் அவ்வளவுதான். மேனேஜர் தலையை ஆட்டினான். வெறும் தாளில் போட்டு வைத்தேன் என்றான். வந்தவர்களில் ஒருவர் சிரித்தே விட்டார். அப்போது அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என் மார்புக்குள் ஒன்றரை வருடமாகக் கொதித்துக்கொண்டிருந்தது அந்த நேரம் சட்டென்று அடங்கியது. அதைப் பொய்யாக மறுக்க மாட்டேன்.

விசாரணை நடந்தது. முதலாளி தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவனைக் கைகழுவினார். கடைசி நாள் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அவன் என் மேசைக்கு வந்தான். ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டான். நான் கைப்பையிலிருந்து அந்தக் கேட் பாஸ் நகலை எடுத்து மேசைமேல் விரித்து, ஏழின்மேல் விரலை வைத்தேன்.

"போலீஸ் வரைக்கும் போகாம விட்டாங்களே, அது மட்டும் சந்தோஷம் சார். ஊருக்குப் போய் நல்லா இருங்க."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நோன்புக் கஞ்சி குடித்த வாய்க்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சாமான் என்னாச்சு புள்ள? கப்பலேறிச்சா?"

ஏறவில்லை என்றேன். அந்த இரண்டு புதுசாவது என்று இழுத்தார். எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள், கம்பெனிமேல் விசாரணைக்குச் சாட்சியாம் என்றேன். அப்படியா என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்காகத்தானே மச்சான் செஞ்சேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று கத்தினேன். அவர் சாப்பிட்டியா என்று கேட்டு ஃபோனை வைத்தார். ஸ்டோர் கீப்பர் புத்தி, சாமான் போய்ச் சேராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்று நான் மகளிடம் கேலி பேசினேன்.

அந்த நர்ஸுக்கு, கொஞ்சம் தாமதம் ஆகும் என்று மட்டும் எழுதினேன். அவள் கேட்டாள், நான் தள்ளிப் போட்டேன். உதவித் துறை புதிதாக டெண்டர் விட வேண்டும், புது கம்பெனி, புது ஆர்டர், அப்புறம் கப்பல். அந்தத் திசையில் கப்பல் எப்போதாவதுதான் போகும். உதவிச் சாமான் அனுப்பும் கம்பெனிகளின் பட்டியலிலிருந்தே எங்களை எடுத்துவிட்டார்கள். எனக்கும் தீவுகளுக்கும் இனி தொடர்பில்லை, இப்போது ஹோட்டல்களுக்கு நாற்காலி அனுப்புகிறோம். மாதங்கள் போயின. அவள் கேட்பது வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, நின்றுபோனது. நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவள் குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. நான் நினைத்ததைவிட வயதில் சின்னவள். அவள் ஆங்கிலத்தில் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"சிஸ்டர், ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. அஞ்சு பேரையும் படகுல ஏத்தி அனுப்பிட்டோம். அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர். உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. சொன்னா, எனக்காகத்தான் அவசரப்படுத்துறேன்னு நினைச்சிருவியோன்னு இருந்துச்சு."

அப்புறம் சொன்னாள், அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை இப்போதுதான் காட்டினார்கள், பழைய ஃபிரிட்ஜ் என்பதால் நிறுத்தினார்களாமே, பழசு என்றால் என்ன, எங்களிடம் இருந்ததும் பழசுதான், துடைத்து வைத்துக்கொண்டிருப்போமே என்று. அவள் அழவில்லை. அந்தக் குரலில் இருந்தது அழுகை இல்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடம் நான் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து மனதுக்குள் பேசிய குரல் அது.

"இதைக் கப்பலேற விடாம பண்ணினது யாரா இருந்தாலும், அவங்க குடும்பமும் இப்படிக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா கிடக்கணும். தினமும் ஜெபத்துல இதைத்தான் கேக்குறேன். நீ நல்லவ சிஸ்டர், நீயும் ஆமென் சொல்லு."

மேனேஜரை நினைத்து எனக்கு இன்றைக்கும் துளி வருத்தம் கிடையாது. நாளைக்கே அவன் எதிரே வந்தாலும் அதையேதான் செய்வேன். அவளுக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நான்தான் என்று நான்கு முறை டைப் அடித்தேன், நான்கு முறையும் அழித்தேன். பக்கத்து மேசைக்காரி பிரியாணி ஆறுகிறது, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆமீன் என்று தட்டி அனுப்பினேன். உடனே இரண்டு டிக்கும் நீலமாகின. அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.